பக்கவாதம் வந்த அப்பாவை டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போகலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 71 வயது. இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனம். வீட்டுக்குள் நாலு கால் ஸ்டிக் வைத்து நடக்கிறார். டிசம்பரில் சென்னையிலிருந்து அட்லாண்டாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறீர்கள், அங்கிருந்து பிள்ளைகளோடு மூன்று நாள் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு. வீல்சேர் என்று சொன்னாலே அப்பாவின் முகம் மாறிவிடுகிறது, "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்" என்கிறார். கூட்டிப் போகலாமா, எந்த ரைடில் ஏற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "அவருக்குத் தான் ஒரு பாரம்னு தோணிடக் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியைத்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மதுரையில் 24 வருடமாக பிசியோதெரபிஸ்ட். அதில் பெரும்பகுதி பக்கவாத நோயாளிகளோடுதான் போனது. என் மகன் அமெரிக்காவில் இருப்பதால் என் மாமியாரை அழைத்துக்கொண்டு இதே ஆர்லாண்டோவுக்கு ஒரு முறை போயிருக்கிறேன். அத்தைக்கும் பக்கவாதம்தான், ஆனால் வலது பக்கம். அதனால் தொழிலில் தெரிந்தது கொஞ்சம், வீட்டு ஆளாக அங்கே அல்லாடிக் கற்றுக்கொண்டது கொஞ்சம், இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். போகலாமா என்றால், போகலாம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்து, கடந்த சில மாதங்களில் வலிப்பு எதுவும் வராமல், அவருடைய நரம்பியல் மருத்துவர் இவ்வளவு நீண்ட விமானப் பயணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டால், டிஸ்னி வேர்ல்டில் ஒரு நாள் என்பது அவரால் முடியாத காரியம் இல்லை. அந்த நாளை எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் தூரத்தைப் பேசுவோம். டிஸ்னி வேர்ல்டுக்குள் எப்காட், மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் என்று தனித்தனிப் பூங்காக்கள் இருக்கின்றன. எப்காட்டில் ஒரு ஏரியைச் சுற்றி பதினோரு நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அந்த ஒரு சுற்று மட்டும் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். மேஜிக் கிங்டத்தில் கார் நிறுத்தும் இடமும் பூங்கா வாசலும் வேறு வேறு இடம், நடுவில் மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். நல்ல காலோடு போகிறவர்களே ஒரு நாளில் எட்டு, பத்து கிலோமீட்டர் நடந்துவிட்டு ராத்திரி கால் பிடித்துவிடச் சொல்வார்கள். பக்கவாதம் வந்தவர் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைத் தூக்கி, காலை வட்டமாகச் சுழற்றி வைக்கிறார். அதே தூரத்துக்கு நம்மைவிட அவருக்கு நிறைய சக்தி செலவாகிறது. களைத்தால் முதலில் தெரிவது பாதத்தில்தான். கட்டைவிரல் தரையில் உரசும், செருப்பின் முனையிலிருந்து ஒரு சத்தம் வரும். எங்கள் கிளினிக்கில் அந்தச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவோம். அதற்கு அடுத்தது விழுவதுதான்.

வீட்டில் தடுமாறாமல் நடக்கிறாரே என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் நடப்பது பத்து அடி, பதினைந்து அடி. சுவர் இருக்கிறது, மேஜை விளிம்பு இருக்கிறது, எந்த ஓடு தூக்கிக்கொண்டிருக்கிறது என்று காலுக்கே தெரியும். குழந்தைகள் குறுக்கே ஓடும் கூட்டத்தில் ஸ்டிக் வைத்து நடப்பது வேறு வேலை. ஆகவே வீல்சேர் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

வீல்சேரில் உட்கார்ந்தால் இனி நடக்கவே போவதில்லை என்று ஊரே தீர்மானித்துவிட்டது போலத்தான் பெரியவர்களுக்குப் படுகிறது. ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி கிளினிக் படிவரை நாற்பது அடி. அதை நடந்தே வருவேன் என்று பிடிவாதம். நடந்து வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்க அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், அப்புறம் உடற்பயிற்சி செய்யத் தெம்பு இருக்காது. ஒரு நாள் அவரிடம், "சார், உங்ககிட்ட இன்னிக்கு இருநூறு அடி நடக்கிற சக்தி இருக்குன்னு வெச்சுக்குவோம். அதை ரோட்டுல செலவழிக்கணுமா, உள்ள வந்து செலவழிக்கணுமா, நீங்களே சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் ஆட்டோ வந்து நின்றதும் அவரே வீல்சேரைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே வந்து கம்பியைப் பிடித்து இருநூறு அடி நடந்தார்.

உங்கள் அப்பாவிடமும் இதே கணக்கைச் சொல்லிப் பாருங்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து வாசல், ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதி என்று வெறும் தூரமாக இருப்பதெல்லாம் வீல்சேருக்கு. கோட்டை முன்னால் பேரனோடு நின்று படம் எடுப்பது, கடைக்குள் நடந்து பார்ப்பது, சாப்பாட்டு மேஜைக்குப் போவது எல்லாம் அவர் காலுக்கு. எங்கே எழுந்திருப்பது என்பதை அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். ஸ்டிக்கையும் கூடவே எடுத்துப் போங்கள், அது அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும். இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். சொந்தத் தெருவில் வீல்சேரில் உட்காரவே மாட்டேன் என்பவர்கள் தெரிந்த முகம் இல்லாத ஊரில் சட்டென்று சம்மதித்துவிடுவார்கள். அமெரிக்காவில் வீல்சேரிலும் மின் ஸ்கூட்டரிலும் போகிறவர்கள் ஏராளம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் அத்தை முதல் நாள் மதியம்வரை முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். எதிரே தன் வயதில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தலையில் மிக்கி காது மாட்டிக்கொண்டு வீல்சேரில் போனதைப் பார்த்த பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டார்.

மின் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்குமே, அவரே ஓட்டிக்கொண்டு வரட்டுமே என்று தம்பி சொல்லக்கூடும். பூங்காவில் கிடைக்கும் என்பது உண்மைதான், 18 வயது ஆனவர்கள் ஓட்டலாம். ஆனால் உங்கள் அப்பாவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், ஒரு சோதனை செய்து பார்க்கும் வரையிலாவது. இடது பக்கம் பலவீனம் என்றால் பாதிப்பு மூளையின் வலது பக்கத்தில். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தங்கள் இடப்பக்கத்தில் இருக்கும் உலகமே கவனத்தில் வராமல் போய்விடும். கண் தெரியும், ஆனால் பார்க்க மாட்டார்கள். சாப்பிட்டு எழுந்ததும் தட்டைப் பாருங்கள். இடது பாதியில் சோறும் பொரியலும் அப்படியே மிச்சம் இருக்கிறதா? சவரம் செய்யும்போது இடது கன்னத்தில் முடி விட்டுப்போகிறதா? கதவைத் தாண்டும்போது இடது தோள் நிலையில் இடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கூட்டத்தில் ஸ்கூட்டர் வேண்டாம், இடப்பக்கம் வரும் குழந்தை அவருக்குத் தெரியாது. மூன்றுமே இல்லை என்றாலும் தள்ளும் வீல்சேர்தான் வசதி என்பது என் கருத்து. பல ரைடுகளில் ஸ்கூட்டரிலிருந்து வீல்சேருக்கு மாறித்தான் வரிசைக்குள்ளேயே போக வேண்டும், வீணாக ஒரு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

வீல்சேரை இங்கிருந்தே கொண்டுபோங்கள். மடக்கக்கூடியதாக, அவர் இடுப்பு அகலத்துக்குச் சரியானதாக, கைப்பிடியில் பிரேக் உள்ளதாக இருக்கட்டும். அமெரிக்கா போய்வரும் விமானங்களில் அதைப் பெட்டிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. பூங்காவிலும் வாடகைக்கு உண்டு, ஆனால் அதை வாசலுக்கு உள்ளே போய்த்தான் எடுக்க முடியும், வெளியே கொண்டுவர முடியாது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசல்வரை யார் தூக்கிப் போவது?

இப்போது ரைடு. அங்கே ரைடுகளை நம் வசதிக்கு மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். வீல்சேரிலிருந்து எழுந்திருக்காமலே போகக்கூடியவை முதல் வகை. மேஜிக் கிங்டத்தில் பொம்மைகள் பாடும் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு', 'ஜங்கிள் குரூஸ்' இரண்டிலும் வீல்சேரோடு ஏற்றுவதற்கென்றே தனிப் படகு வைத்திருக்கிறார்கள். அந்தப் படகு சுற்றி வரும்வரை கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். எப்காட்டில் 'லிவிங் வித் த லேண்ட்' என்று ஒரு படகுச் சவாரி, கண்ணாடிக் கூடங்களில் காய்கறி விளைவிப்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். அத்தைக்கு மூன்று நாளில் மிகவும் பிடித்தது அதுதான். அனிமல் கிங்டத்தில் 'கிளிமஞ்சாரோ சஃபாரி' வண்டியிலும் வீல்சேருக்கு இடம் உண்டு. ஆனால் அது நம் கிராமத்து மண்ரோட்டு டிராக்டர் மாதிரி குலுக்கும். கழுத்துக்கும் முதுகுக்கும் ஒரு சிறு தலையணை கொண்டுபோங்கள். உட்கார்ந்து பார்க்கும் அரங்கக் காட்சிகளில் பெரும்பாலும் வீல்சேரோடு உள்ளே போய்விடலாம்.

இரண்டாவது வகையில் வண்டி நிற்கும், ஆனால் வீல்சேரை விட்டு வண்டிக்கு மாறி உட்கார வேண்டும். 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' அப்படி. மூன்றாவது வகை நடக்க முடிந்தவர்களுக்கு மட்டும். எப்காட்டில் பெரிய பந்து போல இருக்கிறதே, அந்த 'ஸ்பேஸ்ஷிப் எர்த்', மேஜிக் கிங்டத்தின் 'பீப்பிள்மூவர்' இரண்டும் பார்க்கச் சாதுவாக இருக்கும், மெதுவாகத்தான் போகும். ஆனால் நகர்ந்துகொண்டிருக்கும் தளத்தில் கால் வைத்து ஏற வேண்டும். பக்கவாதக் காலுக்கு அது ரோலர் கோஸ்டரைவிட ஆபத்து. வேகத்தை வைத்து ரைடை எடை போடாதீர்கள், ஏறும் இடத்தை வைத்துப் போடுங்கள்.

ஏறி இறங்குவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஊழியர்கள் அவரைத் தூக்கிவிட மாட்டார்கள். அன்பாகப் பேசுவார்கள், வண்டியை நிறுத்தித் தருவார்கள், ஆனால் ஆளைத் தொட்டுத் தூக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. நீங்களும் தம்பியும்தான் செய்ய வேண்டும். அவர் போக வேண்டிய இருக்கை எப்போதும் அவருடைய நல்ல பக்கத்தில், அதாவது வலப்பக்கத்தில் வரும்படி வீல்சேரைக் கொஞ்சம் சாய்கோணமாக நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் போட வேண்டும். கால் வைக்கும் தட்டுகளை மடக்கிவிட வேண்டும். உதவி செய்கிறவர் அவருடைய இடப்பக்கம் நிற்க வேண்டும். பிடிப்பது இடுப்பு பெல்ட்டை. பலவீனமான கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ ஒருபோதும் தூக்காதீர்கள். அந்தத் தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், ஒரு இழுப்பில் மூட்டு நழுவி மாதக்கணக்கில் வலிக்கும். அன்றைக்கு வேட்டி வேண்டாம், அழுத்தமான பெல்ட் போட்ட பேன்ட் போடட்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். படகுக்குள் இறங்குவது படி இறங்குவது மாதிரி என்பதை மறக்காதீர்கள்.

வலப்பக்கமாகச் சுலபமாக ஏறிய அதே வண்டியிலிருந்து அதே வழியாக இறங்கும்போது இடப்பக்கமாகத் திரும்பி வர வேண்டும். ஏறும்போது "யாரும் வேண்டாம், நானே பாத்துக்கறேன்" என்றவர் இறங்கும்போது மாட்டிக்கொள்வார். ஆகவே அவருக்கு முன்னால் ஒருவர் இறங்கித் தயாராக நிற்க வேண்டும். காரிலும் இதே கதைதான். நம் ஊரில் டிரைவருக்குப் பக்கத்து சீட் காரின் இடப்பக்கம், காரின் முகம் பார்க்க வீல்சேரை நிறுத்தினால் சீட் அவருக்கு வலப்பக்கமாக அமைந்துவிடும். அமெரிக்காவில் அந்த சீட் காரின் வலப்பக்கம். அதே மாதிரி நிறுத்தினால் அவருடைய இடப்பக்கம் வந்துவிடும். தம்பி காரில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார வைத்தால் இங்கே பழகியது போலவே இருக்கும். அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோ எழுநூறு கிலோமீட்டருக்குக் கிட்டே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி அவரை எழுப்பி நடக்க வையுங்கள்.

கால் தட்டைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும் நானே இரண்டாம் நாள் சாயந்திரம் களைப்பில் வலது தட்டை மடக்க மறந்துவிட்டேன். அத்தை எழுந்து நின்று ஒரு அடி வைத்தார், தட்டின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் பட்டு இரண்டு அங்குலத்துக்குத் தோல் சுருண்டுவிட்டது. வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு சாப்பிடுகிறவர், அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்க வெகு நேரமானது. உணர்ச்சி குறைந்த கால் என்பதால் அத்தைக்கு வலிக்கவே இல்லை, சேலை ஈரமாவதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி மையம் இருக்கிறது, அங்கே கட்டுப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் என் பேத்தியிடம் ஒரு வேலை கொடுத்தோம். கொள்ளுப்பாட்டி எழுந்திருக்கும் முன் அவள் "பிரேக்! தட்டு!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை அதை ஒரு முறைகூட மறக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த வேலையைக் கொடுங்கள். தாத்தாவைச் சும்மா தள்ளிக்கொண்டு போவதைவிட, தாத்தாவோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம் இரண்டு பேருக்குமே வரும்.

வீல்சேர் இருந்தால் வரிசையில் முன்னால் விட்டுவிடுவார்கள் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கதை. முன்பு இருந்த சலுகை அட்டையை 2013-இல் நிறுத்திவிட்டு, காத்திருக்கும் நேரத்தை வரிசைக்கு வெளியே கழிக்கும் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2024 மே மாதம் அதையும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று சுருக்கிவிட்டார்கள். நடக்க முடியாதவர்கள் வீல்சேரோடு எல்லோரும் நிற்கும் வரிசையிலேயே போக வேண்டும். வீல்சேர் நுழைய முடியாத வரிசை என்றால் மட்டும் ஒரு நேரம் குறித்துக் கொடுத்து அப்போது வரச் சொல்வார்கள். பொய் சொல்லிச் சலுகை வாங்கியது தெரிந்தால் நிரந்தரமாக உள்ளே விடமாட்டார்கள், யாராவது யோசனை சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். பெரிய ரைடுகளுக்கு 'ரைடர் ஸ்விட்ச்' என்று ஒரு வசதி இருக்கிறது. தம்பியும் அவர் மனைவியும் பிள்ளைகளோடு போய்வரும்வரை நீங்கள் அப்பாவோடு வெளியே இருக்கலாம், அப்புறம் நீங்கள் முழு வரிசையும் நிற்காமல் போய்வரலாம். அப்பாவோடு யார் உட்காருவது என்பதை அவர் காது கேட்க விவாதிக்க வேண்டாம், ராத்திரியே பேசி வைத்துவிடுங்கள்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். "ரூம்லயே இருக்கேன்" என்று அப்பா சொல்வது வீல்சேர் கூச்சத்தால் மட்டும்தானா? நிச்சயமாகச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் கல்யாணத்துக்கு வரமாட்டேன், கோயிலுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த பெரியவர்களிடம் தனியாக உட்கார்ந்து பேசினால், கடைசியில் பெரும்பாலும் வந்து நின்றது பாத்ரூம் விஷயத்தில்தான். பக்கவாதத்துக்குப் பிறகு சிறுநீரை அடக்கி வைக்கும் திறன் குறைந்துவிடுவது மிகச் சாதாரணம். வந்த உடனே போயாக வேண்டும், வேகமாக நடக்க முடியாது, ஒரு கையால் பேன்ட்டை அவிழ்க்க நேரமாகும். இதைப் பெற்ற பிள்ளையிடம், அதுவும் மகளிடம், எந்த அப்பா வாய்விட்டுச் சொல்வார்? அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், வெளியே வருவதை நிறுத்திக்கொள்வார்கள்.

இதை நீங்கள் கேட்காதீர்கள். தம்பி போனில் கேட்கட்டும், இல்லையென்றால் உங்கள் வீட்டுக்காரர் கேட்கட்டும். கேட்பது கூடக் கஷ்டம் என்றால், அங்கே இருக்கும் வசதியைச் சும்மா தகவல் மாதிரி அவர் காதில் போடுங்கள். டிஸ்னி வேர்ல்டின் ஒவ்வொரு பூங்காவிலும் துணைக்கு ஒருவரும் கூடப் போகக்கூடிய தனிக் கழிப்பறைகள் இருக்கின்றன. வீல்சேர் திரும்பும் அளவுக்கு இடம், சுவரில் கைப்பிடி, உள்ளே தாழ்ப்பாள். மகள் அப்பாவோடு போனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். முதலுதவி மையத்தை ஒட்டியும் ஒன்று இருக்கும். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் நீங்கள் முதலில் போய்ப் பார்த்துவிடுங்கள், அவருக்கு வலது கைக்கு எட்டுவது வேண்டும். காலையில் உள்ளே போனதும் வரைபடத்தில் அவற்றைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வருகிறதோ இல்லையோ, போய்விட்டு வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் வைத்த பேன்ட் வேண்டாம், இடுப்பில் எலாஸ்டிக் இருக்கட்டும், பெல்ட்டை அதற்கு மேலே தனியாகக் கட்டலாம். உள்ளே அணியும் டயப்பர் பேன்ட் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும். அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், இருக்கிறது என்று தெரிந்தாலே தைரியம் வரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான வாரத்தை எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் வீல்சேரில் இருப்பவருக்குத் தெரிவது மனிதர்களின் இடுப்பும் முதுகுப்பையும் மட்டும்தான். டிசம்பர் முதல் இரண்டு வாரம் என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். காலையில் குளிர் இருக்கும், குளிரில் பக்கவாதக் கை இன்னும் இறுகி மடங்கும். ஒரு சால்வையும் இடது கைக்குக் கையுறையும் போதும். காலையில் மூன்று மணி நேரம், மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம், சாயந்திரம் இரண்டு மணி நேரம். இதற்கு மேல் திட்டம் போடாதீர்கள். தொடர்ந்து உட்கார்ந்தே இருந்தால் பின்பக்கம் புண் வரும், நல்ல குஷன் போட்டு அரை மணிக்கு ஒரு முறை எழுப்பி நிற்க வையுங்கள். சாப்பாட்டை நீங்களே உள்ளே கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. நாங்கள் டப்பாவில் தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோனோம். தண்ணீர் குடிக்கும்போது அப்பாவுக்குப் புரையேறுகிறதா என்று கிளம்பும் முன் கவனியுங்கள். ஏறினால் அது பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரும். அதற்குப் பத்து நிமிடம் முன்பே கிளம்புங்கள், அல்லது அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

வேகமான, உதறும் ரைடுகளில் ஏற்றலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்பதே என் பதில். உடம்பின் ஒரு பக்கம் தளர்ந்தவர் திடீர்த் திருப்பத்தில் தன்னை நிமிர்த்திப் பிடிக்க முடியாது, கழுத்தில் விழும் உதறலும் நல்லதில்லை. அவருக்கு வந்தது அடைப்பால் வந்த பக்கவாதமா, ரத்தக் கசிவால் வந்ததா, கழுத்து ரத்தக் குழாய்கள் எப்படி இருக்கின்றன, பார்வை ஒரு பக்கம் குறைந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்தவர் அவருடைய மருத்துவர்தான். நீளமான விமானப் பயணத்தில் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க என்ன செய்வது, மாத்திரை நேரத்தை அமெரிக்க நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். மாத்திரை விஷயத்தில் நான் வாய் திறக்கக் கூடாது, திறக்கவும் மாட்டேன்.

கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் ஒரு ஒத்திகை செய்துவிடுங்கள். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை இருக்கிறதே, 263 மீட்டர், மணலைத் தாண்டிக் கடல் பக்கம்வரை போகிறது. கூட்டம் இல்லாத காலை நேரமாகப் பார்த்து அப்பாவை வீல்சேரில் அங்கே கூட்டிப் போங்கள். சரிவில் இறங்கும்போது வீல்சேரைத் திருப்பி, நீங்கள் பின்னோக்கி நடந்து இறக்குங்கள், முன்பக்கமாக இறக்கினால் ஆள் சரிந்து விழுவார். முனைக்குப் போனதும் அவர் எழுந்திருக்க வேண்டும் என்றால் எழுந்து ஸ்டிக் வைத்து நடக்கட்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், எத்தனையாவது நிமிடத்தில் கட்டைவிரல் உரச ஆரம்பிக்கிறது என்று. காரில் நாலு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அந்த நிமிடக் கணக்கையும், மதியம் தட்டில் இடது பக்கம் சோறு மிச்சம் இருந்ததா என்பதையும் இங்கே எழுதுங்கள். மூன்று நாளில் எந்தப் பூங்காவை முதலில் வைப்பது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.